மதுரம் கூட்டி ஒரு சாயா

எங்கள் வீட்டில் சர்க்கரை பார்க்கும் மெஷின் எட்டு வருடமாக இருக்கிறது. என்னுடையதுதான். டிவி மேஜையின் இழுப்பறையில், பழைய ரிமோட்டுகளுக்குப் பக்கத்தில் கிடக்கும். அதை எடுத்து என் மகளின் விரலில் ஒரு தடவை குத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதையெல்லாம் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் மட்டாஞ்சேரியில் இருக்கிறோம். பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் வாங்கி விற்கும் ஒரு கம்பெனியில் எனக்குக் கணக்கு வேலை. சொந்தங்கள் பாதிப் பேர் கம்பத்திலும் பொள்ளாச்சியிலும் இருக்கிறார்கள். மகள் ரிஸ்வானா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலிருந்து இன்றுவரை அவர்கள் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகச் சொல்லிச் சொல்லி, எது நடந்தது, எது நான் பயந்தது என்பதே எனக்குக் கலங்கிப்போய்விட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். என் மகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. இதை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். தப்பாக எழுதினால் திருத்துவாள்.

அவளுக்குப் பதிமூன்று வயது. இந்த வருடம்தான் முதல் தடவையாக முப்பது நோன்பும் பிடிப்பேன் என்று பிடிவாதமாக இருந்தாள். தாகம் என்றாள். நோன்பு என்றால் தாகம் இருக்கத்தானே செய்யும்? நோன்பு திறந்ததும் எலுமிச்சை சர்பத்தை ஜக்கோடு எடுத்துக் குடித்தாள். பகலெல்லாம் வற்றிய உடம்பு, குடிக்கட்டும் என்று என் மனைவி சபூரா இன்னொரு ஜக்கு கலக்கினாள். மெலிந்தாள். நோன்பு என்றோம். பள்ளியிலிருந்து வந்ததும் சுருண்டு படுத்தாள். அதுவும் நோன்புதான். அவள் வாயிலிருந்து அழுகின அன்னாசி போல ஒரு வாடை வந்தபோதுகூட, நோன்பாளியின் வாய் வாடை அல்லாவுக்குப் பிரியமானது என்று சபூரா அவளை அணைத்துக்கொண்டாள். அந்த ஒரு மாதத்தில் அவள் உடம்பு சொன்ன எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

பெருநாளன்று வாந்தி. பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்து கிளினிக்கில் வயிற்றுக்கு மருந்து வாங்கினோம். மறுநாள் காலையில் ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடினாள். ஆட்டோ பிடித்துப் பாலம் தாண்டி எறணாகுளத்துக்குக் கொண்டுபோனோம்.

அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் விரலில் குத்தினாள். மெஷினில் எண் வரவில்லை. அளக்க முடியாத அளவுக்கு மேலே போய்விட்டது என்று அர்த்தமாம்.

"ஷுகர் ஆணு. வீட்ல ஆர்க்கெங்கிலும் உண்டோ?" என்று கேட்டாள். யாருக்காவது இருக்கிறதா என்கிறாள்.

"எனக்கு இருக்கு."

"மெஷின் உண்டோ வீட்ல?"

"உண்டு."

அவள் குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். அவளுக்கு வந்ததற்கு நீளமான ஒரு பெயர் உண்டு. எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். உடம்பு ஓட இன்சுலின் வேண்டும். அது சுத்தமாக இல்லாதபோது, ரத்தத்தில் சர்க்கரை நிரம்பி வழிந்தாலும் உடம்புக்கு அது எட்டாது. பட்டினி கிடப்பதாக நினைத்து உடம்பு தன் கொழுப்பையே எரிக்கும். அந்தப் புகை போல ரத்தத்தில் அமிலம் சேரும். அன்னாசி வாடை அதிலிருந்து வந்தது. மூச்சு வாங்கியது அந்த அமிலத்தை வெளியேற்ற. நாங்கள் அணைத்து முகர்ந்தது விஷத்தை.

வெளியே நோயாளிக்குத் துணை இருப்பவர்களுக்கான கூடம். இங்கே அவர்களை பைஸ்டாண்டர் என்பார்கள். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். "ரிஸ்வானா பைஸ்டாண்டர்!" என்று ஒலிபெருக்கியில் கேட்டால் எழுந்து ஓட வேண்டும். ஒவ்வொரு தடவை ஓடும்போதும், அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன சொல்லப் போகிறார்கள் என்றுதான் நினைப்பு. பஞ்சு வாங்கி வா, இந்தத் தாளில் கையெழுத்துப் போடு, இவ்வளவுதான் இருக்கும். 

பக்கத்து நாற்காலியில் ஆலுவாக்காரர் ஒருவர். அவருடைய அம்மாவுக்குக் கால் புண். "மோளுக்கு என்ன?" என்று மகளைப் பற்றிக் கேட்டார். சொன்னேன்.

"ஷுகரா? எனக்கும் உண்டு. சோறு நிறுத்து, கோதம்பு கொடு."

எதிரே இருந்த அம்மாள், "கோதம்பும் அரிசியும் கணக்கு ஒண்ணுதான். பாவக்கா நீரு கொடுங்க," என்றாள்.

"அவங்க பேச்சைக் கேட்காதே, அவங்க ஷுகர் எப்பவும் முன்னூறு," என்றார் ஆலுவாக்காரர். அந்தக் கூடத்தில் முதல் தடவையாகச் சிரித்தோம். சபூரா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பத்திலிருந்து என் மச்சான் போன் செய்தார். "மாப்ள, ஊசி மட்டும் போட விடாதீங்க. ஒரு தடவை போட்டா உடம்புக்குப் பழகிரும். இங்க ஒரு வைத்தியர் பொடி தர்றாரு, ஒரு மண்டலம்தான்."

சபூரா என் கையிலிருந்து போனை வாங்கினாள். "அண்ணே, மூச்சும் ஒரு தடவை விட்டா பழகிரும். நிறுத்திறவா?" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு அழுதாள்.

இரண்டாம் நாள் ரிஸ்வானா கண் திறந்து அம்மாவிடம் பேசினாள். முதல் வார்த்தை, "பசிக்குது." அதைக் கேட்டு இன்னொரு தடவை அழுதோம்.

வார்டுக்கு மாற்றிய பிறகு டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். நடு வயதுப் பெண், சிரித்த முகம். அவர் மலையாளத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

நான்தான் முதலில் கேட்டேன். "டாக்டர், நான் எட்டு வருஷமா ஊசி இல்லாம வச்சிருக்கேன். சோறு பாதியாக்கினேன். காலையில கடற்கரை வரை நடக்கிறேன். ஒரு மாத்திரைதான். மகளையும் அப்படியே கொண்டுவந்துடலாம். ஊசி எப்ப நிறுத்தலாம்?"

"என்ன வேலை பார்க்கிறீங்க?"

"பஜார் ரோட்டுல, மிளகுக் கம்பெனி."

"நல்லது. லாரி நிறைய மூட்டை வருது. கிடங்கு காலியா இருக்கு. நீங்க ஒரு மூட்டையைத் தூக்கி உள்ள வைக்க முடியுமா?"

இந்த ஊரில் யாராலும் முடியாது. யூனியன் சுமைத் தொழிலாளிகள் மட்டும்தான் சுமையில் கை வைக்கலாம். எங்கள் முதலாளியே தன் மூட்டையைத் தொட மாட்டார்.

"சாப்பாட்டுல வர்ற சர்க்கரை அந்த மூட்டை. இன்சுலின்தான் சுமைத் தொழிலாளி. உங்க உடம்புல ஆள் இருக்காங்க, ஆனா கிடங்குக் கதவு இறுகிப்போச்சு, வேலை மெதுவா நடக்குது. அதனால மூட்டையைக் குறைச்சு, நடந்து கதவை இளக்கி, ஒரு மாத்திரையோட சமாளிக்கிறீங்க. உங்க மகள் உடம்புல ஆளே இல்லை. இருந்த ஆட்களை அவளோட உடம்பே தாக்கி அழிச்சிருச்சு. இனிப்பு தின்னதால இல்லை, நீங்க செஞ்ச எதனாலயும் இல்லை. ஒரு மூட்டை வந்தாலும் இறக்க வெளியிலிருந்து ஆள் அனுப்பணும். அந்த ஆள்தான் ஊசி."

"அப்ப சாப்பாட்டைக் குறைச்சா?"

"வளர்ற பிள்ளை. நல்லாச் சாப்பிடணும். எத்தனை மூட்டையோ அத்தனை ஆள். ஆள் குறைஞ்சா மூட்டை ரோட்டில் கிடக்கும். ஆள் அதிகமானா அதைவிட ஆபத்து. இருக்கிறதையும் காலி பண்ணிடுவாங்க."

எனக்குப் புரிந்தது என்றுதான் தலையாட்டினேன்.

பிறகு நர்ஸ் சபூராவுக்கும் ரிஸ்வானாவுக்கும் ஊசி போடப் பழக்கினாள். உணவு ஆலோசகர் என்று ஒரு இளம்பெண் வந்து அரிசி ரொட்டியான பத்திரி, புட்டு, கப்பைக் கிழங்கு, நேந்திரம்பழம் ஒவ்வொன்றிலும் மாவுச்சத்து எவ்வளவு என்று கிண்ணத்தை வைத்துக் காட்டினாள். சிவப்பு மட்டை அரிசி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நான் எட்டு வருடமாக நினைத்திருந்தேன். இல்லையாம். அதுவும் சோறுதான், கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். சர்க்கரை எழுபதுக்குக் கீழே இறங்கினால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமில்லாத கோபம் வரும், உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும், கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும், பிறகு ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். பையில் எப்போதும் வைத்திருக்கச் சொல்லி குளுக்கோஸ் பாக்கெட் தந்தாள். ஒரே நாளில், ஒரே வாயால், சர்க்கரை கூடாது என்றும் சர்க்கரை கொடு என்றும் சொன்னார்கள். என் மண்டையில் முதலாவது மட்டும் ஒட்டியது. எண்ணே வராத அந்த மெஷினைப் பார்த்த பிறகு வேறு எது ஒட்டும்?

பில்லைப் பற்றிச் சொந்தங்கள் எல்லோரும் கேட்கிறீர்கள். கம்பெனி இன்சூரன்ஸ் பெரும்பாலும் பார்த்துக்கொண்டது. மீதியைப் பற்றி எழுதப் போவதில்லை. ஊசியும் குத்திப் பார்க்கும் பட்டையும் வாழ்நாள் முழுக்க வாங்க வேண்டும் என்பதைத்தான் எங்களால் இன்னும் விழுங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தோம். சபூரா சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். இருந்த சர்க்கரை, பேரீச்சம்பழம், பெருநாளுக்கு வந்த அல்வா எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. இனி இந்த வீட்டில் யாருக்கும் இனிப்பு இல்லை. சபூரா சாயாவில் சர்க்கரை இல்லாமல் வாழ முடியாதவள். முதல் வாரம் மருந்து குடிப்பது போல மூக்கைச் சுளித்துக் குடித்தாள். ரிஸ்வானாவுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "அம்மா, எனக்காகக் குடிக்காதீங்க. எனக்குச் சங்கடமா இருக்கு," என்றாள். நாங்கள் கேட்கவில்லை.

ஜூனில் பள்ளி திறக்கும் முன்பு நான் தெருவில் இறங்கினேன். பேக்கரி, சர்பத் கடை, மிட்டாய் விற்கும் பெட்டிக்கடை, கடைசியாக முனையில் பாபு சேட்டனின் சாயாக்கடை. ரிஸ்வானா பிறந்த நாளிலிருந்து அவளைத் தெரிந்தவர்கள். ஒவ்வொருவரிடமும் நின்று விஷயத்தைச் சொன்னேன். "அவள் கேட்டாலும் மதுரம் கொடுக்காதீங்க. காசு நீட்டினாலும் கொடுக்காதீங்க."

பாபு சேட்டன் கையை நெஞ்சில் வைத்தார். "எங்க மோளல்லே? இந்தக் கடையிலிருந்து அவளுக்கு வித்தவுட் மட்டும்தான்." சர்க்கரை போடாத சாயாவுக்கு இங்கே எல்லாக் கடையிலும் அதுதான் பெயர். எட்டு வருடமாக என்னைப் பார்த்ததும் அவர் உள்ளே கூவுவது அதைத்தான். "அத்தாவுக்கு ஒண்ணு, மோளுக்கு ஒண்ணு. குடும்ப வித்தவுட்," என்று சிரித்தார். மனம் லேசாகி வீட்டுக்கு வந்தேன். ஒரு தெரு முழுக்க என் மகளைக் காவல் காக்கிறது என்று நினைத்தேன். குளுக்கோஸ் பாக்கெட்டையும் அவள் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தேன். பிள்ளைதானே, ஆசைப்பட்டுத் தின்றுவிட்டால்?

அந்த வாரங்களில் அவளுடைய எண்கள் நன்றாகிக்கொண்டே வந்தன. மச்சான், அவர் அனுப்பி நாங்கள் பிரிக்காமலே வைத்திருந்த பொடிதான் காரணம் என்றார். நான் என் சாப்பாட்டுக் கட்டுப்பாடுதான் காரணம் என்று நினைத்தேன். உண்மையில் அதைத்தான் டாக்டர்கள் தேனிலவுக் காலம் என்கிறார்கள். ஊசி தொடங்கிய பிறகு, மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு ஆட்கள் கொஞ்ச காலம் வேலைக்குத் திரும்புவார்களாம். பிறகு அவர்களும் போய்விடுவார்கள். அந்தச் சமயத்தில் ஊசி அளவையே குறைக்க வேண்டி வரலாம், கூப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். எண் நன்றாக இருக்கும்போது யார் டாக்டரைக் கூப்பிடுவார்கள்? நான் கூப்பிடவில்லை. மதியச் சோற்றைப் பாதியாக்கி, பயறுத் தோரன் பொரியலை இரட்டிப்பாக்கி டிபன் கட்டச் சொன்னேன். எனக்குப் பலித்த வழி.

டிபனைத் திறந்து பார்த்த ரிஸ்வானா கேட்டாள். "அத்தா, இவ்வளவு சோத்துக்கு அந்த ஊசி அதிகமில்லையா?"

"சோறு குறைஞ்சா ஷுகர் குறையும். குறைஞ்சா நல்லதுதானேம்மா."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பள்ளி வண்டிக்கு நேரமாகிவிட்டது.

அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு மழை விட்டிருந்தது. கம்பெனியில் இருந்தேன். பாபு சேட்டன் போனில் கத்தினார். "சாரே, ஓடி வாங்க. மோளு எங்க கவுண்டருக்கு உள்ள கேறி சர்க்கரை டின்னை எடுத்து வாரி வாரித் தின்னுது. சொன்னாக் கேக்கல!"

ஓடினேன். பஜார் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே, குடையைக்கூட எடுக்காமல். வழியெல்லாம் என் கண்ணில் அந்த எண் வராத மெஷின்தான் நின்றது. திரும்ப அந்தக் கதவு, திரும்ப அந்த ஒலிபெருக்கி. கடைக்குள் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டின். முகத்தில், யூனிஃபார்மில் எல்லாம் சர்க்கரை. வாய்க்குக் கொண்டுபோன கையை நான் பிடித்து நிறுத்தினேன்.

கை சில்லென்று இருந்தது. ஈரமாக இருந்தது. என் பிடிக்குள்ளே நடுங்கியது.

"விடுங்க அத்தா," என்றாள். நாக்கு குழறியது. "லோ... எனக்கு லோ."

எனக்கு நர்ஸின் குரல் அப்போதுதான் கேட்டது. நடுக்கம், வியர்வை, கோபம். கையை விட்டேன். அவள் அந்தப் பிடியை வாயில் போட்டுக்கொண்டாள். பாபு சேட்டனிடம் தண்ணீர் கேட்டு, மிச்சச் சர்க்கரையைக் கலக்கிக் குடிக்க வைத்தேன். அவளுடைய பையில் மெஷின் இருந்தது. அவளால் குத்த முடியவில்லை. நான் குத்தினேன். இவ்வளவு தின்ற பிறகும் ஐம்பத்திரண்டு.

கால் மணி நேரம் அந்தக் கடைத் தரையில் அவளோடு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் கழிந்த எல்லாப் பொழுதையும்விட அது நீளமானது. திரும்பக் குத்தியபோது தொண்ணூற்றி எட்டு. முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியது. பாபு சேட்டன் ஒரு பன்னைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றிருந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் சொன்னாள். மதியம் அந்தப் பாதிச் சோற்றுக்கு முழு ஊசி போட்டாள். பிறகு ஷட்டில் விளையாடினாள். வண்டியிலிருந்து இறங்கும்போதே கால் தள்ளாடியது. பையில் பாக்கெட்டைத் தேடினாள், இல்லை. பேக்கரியில் கேட்டாள். "அத்தா பறஞ்சிருக்காரு, மோளே," என்று நான் சொன்னதைச் சொல்லி மறுத்தார்கள். சர்பத் கடையிலும் அதே. பாபு சேட்டனிடம் வந்து, சர்க்கரை தூக்கலாக, "மதுரம் கூட்டி ஒரு சாயா" என்று கேட்டாள். அவர் அன்பாகச் சிரித்து, தலையைத் தடவி, வித்தவுட் போட்டு வைத்தார். விளக்கிச் சொல்ல நாக்கு புரளவில்லை; அதற்குப் பிறகுதான் கவுண்டருக்குள் ஏறினாள்.

"நான் அவளுக்கு நல்லதுதானே செஞ்சேன் சாரே?" என்று பாபு சேட்டன் கேட்டார். கண் நிறைந்திருந்தது.  நானும் அதையேதான் யாரிடமாவது கேட்கலாமா என்று இருந்தேன்.

டாக்டரைக் கூப்பிட்டேன். ஊசி அளவைக் குறைத்தார். சோற்றைப் பழையபடி வைக்கச் சொன்னார். பால் சாயாவைவிட வெறும் சர்க்கரைத் தண்ணீர் சீக்கிரம் ஏறும் என்றார். திட்டவில்லை. "ஒரே வீட்ல ரெண்டு ஷுகர் இருந்தா இந்தக் குழப்பம் வரும். உங்க கணக்கை அவளுக்குப் போடாதீங்க," என்றார். சபூரா சர்க்கரை டப்பாவை நிமிர்த்தி நிரப்பினாள். அன்று ராத்திரி அவள் சாயாவில் இரண்டு ஸ்பூன் போட்டுக் குடித்ததை ரிஸ்வானா பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக நிம்மதியான முகம்.

மறுநாள் தெருவில் திரும்ப இறங்கினோம். இந்தத் தடவை அவள் முன்னே, நான் பின்னே. ஒவ்வொரு கடையிலும் அவளே மலையாளத்தில் சொன்னாள். "நான் மதுரம் கேட்டால் முதலில் கொடுங்க. அப்புறம் கேள்வி கேளுங்க. நான் மயங்கிக் கிடந்தா மட்டும் வாயில எதுவும் ஊத்தாதீங்க, தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

பாபு சேட்டனுக்கு ஒரு சந்தேகம். "மோளே, நீ சுகமில்லாம கேக்கிறியா, ஆசைக் கொதி வந்து கேக்கிறியான்னு நான் எப்படி அறிவேன்?"

"நீங்க அறிய வேண்டாம் சேட்டா. கொடுத்தா மதி, அது போதும். அந்தக் கணக்கு என்னுது."

இப்போது அவள் ஊசி அளவையும் சோற்றையும் அவளேதான் ஒத்துப் பார்க்கிறாள், டாக்டரிடம் அவளே பேசுகிறாள். மெஷின்கள் இரண்டும் சாப்பாட்டு மேஜையில் இருக்கின்றன. நான் என் பாதிச் சோற்றைச் சாப்பிடுகிறேன், எதிரே அவள் முழுச் சோறு சாப்பிடுகிறாள். நான் நடந்தால் எனக்கு நல்லது. அவள் விளையாடினால் முதலில் ஒரு பழம் தின்ன வேண்டும். எனக்குக் கூடினால் பயம், அவளுக்குக் கூடினாலும் பயம், குறைந்தாலும் பயம். எல்லாம் புரிந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். சில ராத்திரி அவள் அறை வாசலில் நின்று மூச்சைக் கேட்கிறேன். அன்னாசி வாங்குவதில்லை. அவளுக்கு அது பிடிக்கும் என்று தெரிந்தும் இன்னும் வாங்க முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து இருவரும் சாயாக்கடைக்குப் போனோம். என்னைப் பார்த்ததும் பாபு சேட்டன் வழக்கம்போல உள்ளே கூவினார், "ஒரு வித்தவுட்!" பிறகு ரிஸ்வானாவைப் பார்த்தார். ஸ்பூன் சர்க்கரை டின்னுக்கு மேலே நின்றது. பழக்கம் விடாமல் என்னிடம் திரும்பினார்.

"சாரே, மோளுக்கு?"

"எனக்குத் தெரியாது பாபு சேட்டா," என்றேன். "அவகிட்ட கேளுங்க."